மச்சானின் பெருவிரல்

யுத்தம் முடியப்போகும் காலம் அது. என் பழைய இன்ஜெக்‌ஷன் கார் நின்றால் எஞ்சின் அணைந்துவிடும். இராணுவச் சோதனைச் சாவடியில் அணைந்தால் வில்லங்கம் என்று பயந்து, ஐட்லிங் திருகாணியைத் திருகி, நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகத்தைக் கூட்டி வைத்தேன்.

"நோய்க்கும் பார், பேய்க்கும் பார் எண்டு சும்மாவா சொன்னாங்க? எஞ்சின் ஹோஸ் குழாய் எல்லாத்தையும் பாருங்க" என்றார் தங்கச்சியின் புருஷன்.

"கதையாம ஏறு மச்சான்" என்றேன்.

உன்னிச்சைக்குப் போய்த் திரும்பும்போது சாவடியின் முன் நிறுத்தினேன். சூடேறிய எஞ்சின் திடீரென உறுமியது. ஓட்டோ கியர் என்பதால் கார் தானாகவே தடையை நோக்கிப் பாய்ந்தது. நான் பிரேக்கை இறுக்கி அழுத்துவதற்குள் இராணுவத்தினர் சுட்டுவிட்டார்கள். கண்ணாடி நொறுங்கியது, மச்சானின் காது பாதி போயிற்று. கியரை விடுவித்துக் காரை நிறுத்தினேன்; எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டே இருந்தது. எங்களை இழுத்துத் தரையில் போட்டார்கள். துவக்குப் பிடியால் அடித்ததில் என் பல் உடைந்தது.

"குண்டுக் காரா?" என்று கேட்டான் ஒரு சிப்பாய்.

"ஐயோ, பழுதுக் கார் ஐயா!" என்று கத்திய மச்சான், இரத்தம் ஒழுக எழுந்து பொனட்டைத் திறந்தார். எஞ்சினில் வெடித்துக் காற்றை இழுத்துக்கொண்டிருந்த ஒரு ஹோஸைப் பெருவிரலால் பொத்தினார். உறுமல் அடங்கியது. விரலை எடுத்தார், மறுபடி உறுமியது. என் பிடரியில் இருந்த துவக்கு மெல்ல விலகியது.

இப்போதெல்லாம் ஐட்லிங் பிசகினால் முதலில் ஹோஸ்களைத்தான் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கிறேன். திருகாணிப் பக்கம் கை போனாலே மச்சான் சத்தம் போடுவார்: "மற்றக் காது எனக்கு வேணும்!"