கேரல் நோட்டில் கோடு போட்ட வீடு

வெள்ளம் வந்த அந்த டிசம்பரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அமைதிதான். சென்னையில் முடிச்சூர் பக்கம் எங்கள் தெருக்களில் மழை விட்டு வெயில் அடித்து, இடுப்பளவு தண்ணீர் அசையாமல் கிடந்தது. யாருடையதோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, உட்கார ஆள் தேடுவது போல மெதுவாக மிதந்து போனது. கரன்ட் இல்லை, போன் இல்லை, பஸ் சத்தம் இல்லை. பயப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு என்னவோ அரைத்தூக்கத்தில் நடமாடுவது போலவே இருந்தது.

எங்கள் சர்ச் மேட்டில் இருந்தது. அதன் ஹாலில் அடுப்பு மூட்டினோம். தக்காளி சாதப் பொட்டலம், தண்ணீர் பாட்டில், பிரெட், மாத்திரை எல்லாம் சேர்ந்தன. கோவளத்திலிருந்து மீன்பிடிக்கும் அண்ணன் ஒருவர் தன் ஃபைபர் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். எந்த வீட்டில் எத்தனை பேர் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

“என்கிட்ட நோட்டு இருக்கு” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

ஒவ்வொரு டிசம்பரும் எங்கள் பாடல் குழு வீடு வீடாகப் போய் கிறிஸ்துமஸ் கேரல் பாடும். எந்தத் தெருவில் தொடங்கி எங்கே முடிப்பது, எந்த வீட்டில் எத்தனை பேர், எங்கே நாய், எங்கே கேக், எல்லாவற்றையும் எழுதி வைப்பது என் வேலை. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேடு எழுதிப் பழகிய கை. பட்டியல் போடுவதில் எனக்கு ஒரு திமிரே உண்டு. சர்ச்சுக்கு வராத அக்கம்பக்கத்தாரும் அந்த நோட்டில் இருந்தார்கள். பாட்டுக் கேட்கக் கதவைத் திறந்துவிடுகிற எல்லோரும் எங்களோடு சேர்த்திதான்.

படகின் முன்பக்கம் உட்கார்ந்து நோட்டைப் பார்த்து வழி சொன்னேன். வருடாவருடம் நடந்த அதே வரிசை. கரன்ட் இல்லாமல் காலிங் பெல்கள் ஊமையாகக் கிடந்தன. வாசலில் கட்டிய நட்சத்திரங்களில் காகிதம் கரைந்து மூங்கில் குச்சி மட்டும் மிச்சம். மொட்டைமாடிகளிலிருந்து கயிற்றில் வாளி இறங்கும், பொட்டலம் வைத்ததும் மேலே போகும். என் வாய் என்னை அறியாமல் கேரல் மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. சொன்னால் வெட்கக்கேடு, நான் சந்தோஷமாக இருந்தேன்.

கடைசித் தெருவில் படகைத் திருப்பச் சொன்னேன். அண்ணன் துடுப்பை நிறுத்தினார்.

“இன்னா டீச்சர், அந்தக் கோடில இன்னொரு வூடு கீதே, போவ வாணாமா?”

தெருக்கோடிப் பள்ளத்தில் ஷீட் போட்ட சின்ன வீடு ஒன்று, ஜன்னல் வரை முங்கி நின்றது. பக்கத்தில் பாதி கட்டி நிறுத்திய கட்டடம். நான் நோட்டைப் பார்த்தேன்.

“அது லிஸ்ட்ல இல்லண்ணா. காலி வீடா இருக்கும்.”

அவர் துடுப்பைப் போட்டார். படகு திரும்பியது. முதுகில் வெயில் இதமாக விழுந்ததுகூட எனக்கு நினைவிருக்கிறது.

சாயங்காலம் ஈரமான நோட்டை ஹால் ஜன்னலில் பிரித்துக் காயவைத்தேன். கடைசிப் பக்கத்தில் கடைசி வரியின் மேல் ஒரு சிவப்புக் கோடு; படகில் என் கண் அதைத் தாண்டிப் போயிருந்தது. அடியில் ‘மூன்று பேர்’ என்று தெரிந்தது. ஓரத்தில் என் கையெழுத்தில் ‘துக்கம்’.

அந்த வீட்டுக்காரர் அந்த வருடம்தான் இறந்துபோயிருந்தார். சாவு விழுந்த வீட்டு வாசலில் அந்த வருடம் கேரல் பாடுவதில்லை, மனம் நோகும் என்பது எங்கள் வழக்கம். மரியாதைக்காகப் போடுகிற கோடு அது. நவம்பரில் நானேதான் ஸ்கேல் வைத்து நேராகப் போட்டேன். அவர் மனைவியும் காலேஜ் படிக்கும் மகளும் அங்கேதான் இருந்தார்கள். உடனே போகலாம் என்று அண்ணனிடம் ஓடினேன்.

“இருட்டுல தண்ணிக்கு அடில இன்னா கீதுன்னே தெரியாது டீச்சர். விடியட்டும்” என்றார்.

விடிந்ததும் போனோம். பாதி கட்டிய கட்டடத்தின் முதல் மாடியில், சிமென்ட் மூட்டைகள்மேல் விரித்த புடவையில் மகள் சுருண்டு கிடந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. அம்மா ஒரு பக்கெட்டில் மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள். இரண்டு நாளாக இருவருக்கும் அதுதான் ஆகாரம்.

“நேத்து படகு வந்தப்ப கூப்பிட்டிருக்கலாமேம்மா” என்றேன். நான் அதைக் கேட்டிருக்கவே கூடாது.

“நீங்க நோட்டைப் பாத்துட்டுத் திருப்பினீங்கக்கா. நான் இங்கேருந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன்.” பாட்டில் மூடியைத் திறந்து மகளின் வாயில் தண்ணீர் விட்டபடியே சொன்னாள். “பாட்டுக்கு எங்க வீடு வேணாம், சரி. சோத்துக்குமா?”

காதெல்லாம் சூடாகிவிட்டது எனக்கு. அண்ணன்தான் அந்தப் பெண்ணைத் தோளில் தூக்கிப் படகில் கிடத்தினார். தாம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான்காம் நாள் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள். நான் வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

தண்ணீர் வடிந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அந்த அம்மாவிடம் போய், வழக்கத்தை விட்டுவிட்டு இந்த வருடம் வாசலுக்கு வரலாமா என்று கேட்டேன்.

“வாங்கக்கா. பாட வேணாம். சும்மா வந்து நில்லுங்க.”

கிட்டார், டிரம் எதுவும் இல்லாமல் பன்னிரண்டு பேர் ஒரு மாலையில் போய் நின்றோம். சுவரில் நெஞ்சுயரத்துக்குச் சேற்றுக் கறை காய்ந்திருந்தது. எங்கள் குழு அவ்வளவு நேரம் வாயைத் திறக்காமல் இருந்து நான் பார்த்ததில்லை. மகள் எல்லோருக்கும் டீ கொடுத்தாள்.

கிளம்பும்போது அம்மா என் கையிலிருந்த நோட்டைக் கேட்டு வாங்கினாள். கடைசிப் பக்கத்தைப் பிரித்து, சிவப்புக் கோட்டுக்குக் கீழே தன் வீட்டு எண்ணை மறுபடி எழுதினாள். பக்கத்தில், ‘இரண்டு பேர். இருக்கிறோம்.’