வீட்டைக் காப்பாற்றப் போட்ட கம்பெனி

என் அக்கா வீட்டுக்காரரைத் தெருவில் எல்லோரும் ‘ஸ்பானர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அவர் மாமா. குழாய், தண்ணீர்த் தொட்டி, ஹீட்டர் எல்லாம் மாட்டித் தருவது தொழில். இருபத்திரண்டு வருஷமாக ஒரே பை, ஒரே நிறத்துச் சட்டை. வேலையில் குறை சொன்னவர்கள் குறைவு.

கம்பெனி போடும் யோசனை அவருடையதல்ல, அக்காவுடையது. மாமாவின் கூட்டாளி ஒருவர் மருந்துக் கடை மாடியில் போட்ட குழாய் பிடுங்கிக்கொண்டு, கீழே இருந்த சரக்கெல்லாம் நனைந்துபோனது. நஷ்ட ஈட்டுக்கு அவர் வீடே ஏலத்துக்கு வந்தது. அதைக் கேட்டதிலிருந்து அக்காவுக்குத் தூக்கம் போயிற்று. அக்காவின் வீடு இரண்டே அறை. அவள் பதினான்கு வருஷம் தையல் மெஷினில் குனிந்து குனிந்து வாங்கியது; பத்திரம் மட்டும் மாமா பெயரில்.

“நீங்க ஒரு கம்பெனி ஆரம்பிச்சிடுங்க. என்ன வந்தாலும் அதோட போகட்டும். வீட்டுப் பக்கம் வரக் கூடாது” என்றாள்.

நான் ஆடிட்டர் அலுவலகத்தில் படிவம் நிரப்புகிறவள். அதனால் இந்தத் தலைவலி என் தலையில் விழுந்தது. ஐந்து மாதம் இழுத்தது. முதலில் கொடுத்த பெயரை ஏற்கெனவே யாரோ எடுத்துவிட்டார்கள். இரண்டாவது பெயர் வேறொன்றைப் போலிருக்கிறதாம். மூன்றாவதாக, எங்களில் யாருக்குமே பிடிக்காத ஒரு பெயர் கிடைத்தது. அப்புறம் கையெழுத்துத் தகராறு. மாமாவின் கையெழுத்து தாளுக்குத் தாள் மாறும். ஸ்பானர் பிடித்த கை, பேனாவையும் திருகத்தான் பார்க்கும். அவரும் அக்காவும் இயக்குநர்கள்.

“டைரக்டர்னா உக்காந்துக்கிட்டே இருக்கலாம்னு நெனச்சேன்” என்பார் மாமா, கவுன்டர் முன்னால் நின்று நின்று கால் வீங்கியவராய். எனக்குச் சிரிக்கக்கூடத் தெம்பு இருக்காது.

சான்றிதழ் வந்த அன்று யாரும் துள்ளிக் குதிக்கவில்லை. அக்கா அதை இரண்டு முறை படித்துவிட்டு, “அப்பாடா” என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கம்பெனி பெயர் போட்ட வேலைச் சீட்டுப் புத்தகங்கள் ஐந்தை அச்சடித்து நானே கொண்டுவந்தேன்.

“இனிமே எந்த வேலையா இருந்தாலும் இதுலதான் எழுதணும் மாமா. கம்பெனிக்காகன்னு போட்டு, கீழ கையெழுத்துப் போடணும்.”

“சரிம்மா” என்றார். அவருடைய ‘சரிம்மா’ எப்போதுமே கேட்டவுடன் வந்துவிடும்.

மூன்று மாதம் கழித்து வக்கீல் கடிதம் ஒன்று வந்தது. துணிக்கடை மாடியில் மாமா மாட்டிய ஹீட்டரின் இணைப்பு விட்டுப்போய், விடுமுறை இரண்டு நாளும் தண்ணீர் கொட்டி, கீழே கிடங்கிலிருந்த துணியெல்லாம் பாழ். நஷ்ட ஈடு கேட்டிருந்தார்கள். அக்கா பதறவில்லை. “இதுக்குத்தானே கம்பெனி போட்டோம், வந்து பாரு” என்று என்னைக் கூப்பிட்டாள். நானும் தைரியமாகத்தான் போனேன்.

உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கம்பெனி பெயர் எங்கும் இல்லை. மாமாவின் சொந்தப் பெயர்தான் இருந்தது. உள்ளே வேலைச் சீட்டின் நகல். பழைய புத்தகத்துச் சீட்டு. மேலே அவர் பெயரும் வீட்டு முகவரியும், கீழே அந்தத் திருகல் கையெழுத்து.

“எதுக்கு மாமா இதுல எழுதினீங்க?”

“பழசுல இன்னும் நாப்பது தாள் இருந்துச்சும்மா. வீணாப் போயிடுமேன்னு... அது முடிஞ்சதும் புதுசை எடுக்கலாம்னு இருந்தேன்.”

ஒரு துண்டு டேப்பைக்கூட எறியாமல் சுருட்டி வைத்துக்கொள்கிற மனுஷர். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. வேலையை ஒத்துக்கொண்டது கம்பெனி இல்லை, இவர்தான் என்று இவர் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆடிட்டர் பேசிப் பார்ப்பார். அவரிடமும் சொல்ல என்ன இருக்கிறது?

“புதுசு எங்க?” என்று அக்கா கேட்டாள்.

“அழுக்காயிடும்னு பீரோல வெச்சேன்.”

அவள் எழுந்துபோய்த் திறந்தாள். ஐந்து புத்தகமும் அச்சகத்தில் கட்டிய நூல்கூடப் பிரியாமல், வீட்டுப் பத்திரத்தின் மேலேயே இருந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டு, பத்திரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“பதினாலு வருஷம்” என்றாள்.

மாமா கீழே உட்கார்ந்து, புதுப் புத்தகங்களின் நூலை அவிழ்க்க ஆரம்பித்தார்.