செல்லூருக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர்

முத்துக்கருப்பன் இறந்த செய்தியை என்னிடம் கொண்டுவந்தவர் என் கொத்தனார் மூக்கையா. திருப்பரங்குன்றம் சாலையில் ஒரு வீட்டுக்குச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தோம். சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னார்.

"சார், உசிலம்பட்டிக்காரவுக போயிட்டாக. விடியக்காலைல நெஞ்சுவலியாம். செல்லூர்ல ஒரு தறிகூட ஓடல."

"கூட்டம் எம்புட்டு?" என்றுதான் நான் முதலில் கேட்டேன். மூக்கையா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். முத்துக்கருப்பனை அறிந்த நீங்களும் இதைப் படித்துவிட்டு அப்படிப் பார்க்கலாம். அவர் நினைவு மலருக்கு எழுதச் சொல்லி நீங்கள் வந்தபோதே சொன்னேன், நான் அவருடைய நண்பன் அல்லன் என்று. ஒரே ஊரில் ஒரே தொழில் செய்தோம். அவர் ஜெயித்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிலம் வாங்கி, மனை பிரித்து, வீடு கட்டி விற்பது எங்கள் தொழில். சாலையும் குழாயும் விளக்கும் இல்லாத மனையை யாரும் சீந்தமாட்டார்கள். அவற்றை நாமே போட்டால் விலை ஏறிவிடும், வந்தவரும் போய்விடுவார். ஆகவே நகரசபை தன் செலவில் போட்டுத் தரவேண்டும். தொழிலில் ஜெயிப்பது என்றால் அந்தச் சலுகையை வாங்குவதுதான். வைகைக்கு வடகரையில் அவருக்கும் நிலம் இருந்தது, எனக்கும் இருந்தது. குடிநீர்க் குழாயை ஆற்றைத் தாண்டிக் கொண்டுபோகலாம் என்று பேச்சு வந்தபோது, இருவரில் ஒருவர் பக்கம்தான் இப்போதைக்கு முடியும் என்று சொல்லிவிட்டார்கள்.

நான் மிஷன் பள்ளியில் படித்து, ஓவர்சியர் பரீட்சை தேறியவன். வண்ண மையில் வரைபடம் போட்டு, தெருவுக்குத் தெரு மரம்கூட வரைந்து நகரசபைக்கு எடுத்துப் போனேன். சேர்மன் அதை மேஜைமேல் விரித்து, "ரொம்ப அழகா இருக்கு, தேவசகாயம்" என்றார். பிறகு அவரே சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டார்.

முத்துக்கருப்பன் வரைபடமே கொண்டுபோகவில்லை. வடகரையில் அவர் நிலத்தை ஒட்டிய செல்லூரில் சந்து சந்தாக நெசவாளர் குடும்பங்கள். தறியில் ஏற்றுமுன் பாவு நூலை நீட்டிக் கஞ்சி தோய்க்க நீளமான வெளி வேண்டும். அந்தச் சந்துகளில் மாட்டுவண்டி வந்தாலே பாவைச் சுருட்டியாக வேண்டும். அவர் தம் நிலத்தின் நடுவே அகலமாக ஒரு தெருவை விட்டு, இது பாவு போட மட்டும், இனாம் என்று எழுதிக்கொடுத்தார். மறுவாரம் நெசவாளர்களே திரண்டு நகரசபைக்குப் போய், எங்களுக்கு அங்கே குழாய் வேண்டும் என்றார்கள். இது எப்படித் தோன்றியது என்று நேரிலேயே அவரிடம் கேட்டேன்.

"நான் போயி நின்னா வியாபாரி கேக்குறான்பாக, சார். அவுக போயி நின்னா ஊரு கேக்குதும்பாக" என்று சிரித்தார்.

இனாமாக விட்ட தெருவின் இரண்டு பக்கமும் அவருடைய மனைகள்தாம். தெரு அகலமானதும் அவற்றுக்கு மவுசு கூடிவிட்டது. இதை நான் கண்ட இடத்தில் எல்லாம் சொல்லிப் பார்த்தேன். கேட்டவர்கள், "கெட்டிக்காரர்தான்" என்று அவரையே மெச்சினார்கள்.

ஆனாலும் குழாய் உடனே வரவில்லை. ஆளில்லாத பொட்டலுக்கு எதற்குத் தண்ணீர் என்று சில உறுப்பினர்கள் மடக்கினார்கள். என் மனம் குளிர்ந்தது. அதற்கும் அவர் ஒரு வழி கண்டார். வீடுகளைக் கட்டி, முன்பணம் வாங்காமல் நெசவாளர்களைக் குடிவைத்துவிட்டார். ஆள் இருந்தால் தண்ணீர் தந்துதானே ஆகவேண்டும்? அதுவரை வைகை மணலில் ஊற்றுத் தோண்டி எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

அந்தக் கோடையில் ஊற்றுத் தண்ணீர் கலங்கியது. வாந்திபேதி வந்தது. புதுத்தெருவில் சுப்பையா என்ற நெசவாளரின் மனைவி பொன்னம்மா இறந்துபோனாள். கைப்பிள்ளை ஒன்று இருந்தது.

அடுத்த நகரசபைக் கூட்டத்துக்கு நான் போய்ப் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்தேன். எதற்குப் போனேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அவர் விழுவதைப் பார்க்கத்தான் போனேன். தண்ணீர் இல்லாத இடத்தில் குடிவைத்தது யார் என்று ஓர் உறுப்பினர் உரக்கக் கேட்டார். ஊற்றைத் தோண்டியவர்கள்மேல், வெயில்மேல், தாமதித்த சபைமேல் என்று பழி போட எத்தனையோ இடம் இருந்தது. முத்துக்கருப்பன் எழுந்து தோள்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"நான்தான்யா வச்சேன். தப்பு என்னுது. ஆளக் காட்டுனா தண்ணி குடுப்பீகன்னு அவுகளக் கொண்டாந்து உக்கார வச்சேன். எனக்கு என்ன தண்டனைன்னாலும் போடுங்க. தண்ணிய மட்டும் அவுகளுக்குக் குடுத்துருங்க."

எதிர்த்தவர்களே முதலில் கை தூக்கினார்கள். குழாய், சாலைக்குச் சரளை, தெருமுனைக்கு விளக்குக் கம்பம், எல்லாம் நகரசபைச் செலவில். நான் அத்தனை மையும் காகிதமும் செலவழித்துப் பெறமுடியாததை, குற்றத்தை ஒப்புக்கொண்டு அவர் பெற்றுவிட்டார். அதுவும் ஒரு தந்திரம் என்று நம்பவே எனக்கு ஆசை.

வெளியே வந்தபோது படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். "ஜெயிச்சுட்டீங்க" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கண் சிவந்திருந்தது. "சுப்பையாகிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இதச் சொல்லுவேன், சார்?"

ஆனால் போனார். செருப்பைக்கூட மாட்டாமல் ஆற்று மணலில் இறங்கி வடகரைக்கு நடந்தார். நான் பாலத்தில் நின்று பார்த்தேன். தந்திரக்காரர் அப்படி நடக்கமாட்டார். அது தெரிந்த பிறகு அவர்மேல் எனக்கு இருந்த எரிச்சல் குறையும் என்று நினைத்தேன், கூடத்தான் செய்தது. சுப்பையா அன்று கதவைத் திறக்கவில்லை என்றும், அவர் மறுநாளும் அதற்கு மறுநாளும் போனார் என்றும் பின்னால் கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு தண்ணீர் வராத இடத்தில் அவர் ஒரு குடும்பத்தையும் குடிவைக்கவில்லை. அதனால் நல்ல மனைகள் சில கை நழுவின. என் மனைகளுக்கும் பிற்பாடு தண்ணீர் வந்தது. அவருடைய குழாயிலிருந்து பிரிந்த கிளை அது. திறப்பு நாளில் எல்லாரும் அவரையே பார்த்துக் கும்பிட்டார்கள்.

செய்தி வந்த அன்று மத்தியானம் செல்லூருக்குப் போனேன். வாசலில் அவருடைய மருமகன் என்னை நிறுத்தி, "அய்யாவுக்கு நீங்க எந்த வகையில பழக்கம்?" என்று மரியாதையாகக் கேட்டார். பெயரைச் சொன்னேன். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. இத்தனை காலம் ஒருவரோடு நான் போட்டி போட்டிருக்கிறேன். அவர் வீட்டில் என் பெயரே பேசப்பட்டதில்லை.

"ஒரே தொழில்" என்றேன்.

"அப்படிங்களா, உக்காருங்க" என்று நாற்காலி போட்டுவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போனார்.

பாடை எடுத்தபோது தெரு கொள்ளாத கூட்டம். முன்கொம்பைத் தோளில் தாங்கி வந்த நரைத்த மனிதரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. சுப்பையா என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். வேறொருவர் தோள் மாற்ற வந்தபோது, "இருக்கட்டும்யா, நான் கொண்டுபோறேன்" என்று அவர் விடாமல் நடந்தார்.

முத்துக்கருப்பனிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது என்ன என்று கேட்டால், என் பொறாமையைத்தான் சொல்லவேண்டும். முன்பு அது அவருக்குக் கிடைத்த குழாயின்மேல் இருந்தது. இப்போது சுப்பையாவின் தோளின்மேல் இருக்கிறது.