மாப்பிள்ளைக்குப் பின்னிய சால்வை

எனக்கு எழுத்து அதிகம் வராது. கொக்கி ஊசிப் பின்னல் நன்றாக வரும். எங்கள் ஊர் சண்டிலிப்பாயில் என்னைப் பெண் பார்க்க வந்த நாளில், நுவரெலியாக் குளிரில் வேலை பார்த்த மாப்பிள்ளைக்கென்று, கரையெல்லாம் சிப்பிப் பின்னல் வைத்து ஒரு கம்பளிச் சால்வை பின்னி வைத்திருந்தேன்.

மாப்பிள்ளையின் தாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உது கடையிலை வாங்கினது. இரண்டாம் வகுப்புப் படிச்சவள் இப்பிடிப் பின்னுவாளே?"

நான் நுனி முடிச்சை அவிழ்த்து இழுத்தேன். சால்வை வரிவரியாகக் கரைந்தது.

"பிள்ளை, விடு!" என்று என்னைப் பெற்ற ஐயா பதறினார்.

நூலை உருண்டையாகச் சுற்றி என் மடியில் வைத்துக்கொண்டேன். "கடைச் சால்வைதானே மாமி, கடையிலையே இன்னொண்டு வாங்குங்கோ."

சம்பந்தம் முறிந்தது. ஐயா என்னோடு கதைக்கவில்லை. அதே நூலில் அவருக்கு வலைப் பின்னலில் சால்வை பின்னினேன். மார்கழிப் பனியில் அதைச் சுற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனவரிடம், ஆர் பின்னினது என்று கேட்டார்களாம்.

"என்ரை மகள்."

அந்த நூலை இழுத்ததற்கு நான் ஒருநாளும் வருந்தியதில்லை.