பவளத்துக்கு மதியம் விடியும் வீடு

என் கணவருக்கு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோலின் நிறம் பார்க்கிற வேலை. வெளிநாட்டுக்காரர் அனுப்பிய மாதிரித் துண்டையும் இங்கே சாயம் ஏற்றிய தோலையும் விளக்குப் பெட்டிக்குள் அருகருகே வைத்து, "இதுல ஒரு சொட்டு செவப்பு ஜாஸ்தி" என்று சொல்வதற்குத்தான் சம்பளம். அப்பேர்ப்பட்ட கண்ணுக்கு, வேலூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்று வாரமாகப் பவளம் வெளுத்துக்கொண்டிருந்தது தெரியவில்லை. நான்தான் பார்த்தேன். நான் நர்ஸ். யார் வெளுத்தாலும் என் கண்ணில் பட்டுவிடும்.

மூன்றடிக் கண்ணாடித் தொட்டி, உப்புத் தண்ணீர், ஆரஞ்சு நிறத்தில் இரண்டு மீன்கள், சென்னையில் பவளம் வளர்க்கும் ஒருவரிடம் வாங்கி மடியில் வைத்துக் கொண்டுவந்த ஐந்து துண்டுகள். "பவளம் கல் இல்ல, உயிரு. அதோட உடம்புல இருக்கிற பாசிதான் வெளிச்சத்துல அதுக்குச் சாப்பாடு செஞ்சு போடுது" என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் நடத்துவார். சாப்பாடு நன்றாகக் கிடைக்கட்டும் என்றோ என்னவோ, காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை வெள்ளை விளக்கை முழு வேகத்தில் எரியவிட்டார். உண்மைக் காரணம் வேறு. ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறுமுன் அவர் ஒருமுறை பார்க்க வேண்டும். இரவு ஏழரைக்குத் திரும்பி வந்த பிறகும் பார்க்க வேண்டும்.

"இன்னாங்க, இந்தப் பச்சைல கலரு கம்மியா தெரியுதே?"

"தண்ணி மாத்தினேன் இல்ல, அதான். சரியாய்டும்."

அடுத்த வாரம் உப்பைக் குறை சொன்னார். அதற்கடுத்த வாரம் வெயிலை. வெயில்தான் காரணம் என்று சொன்னால் வேலூரில் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொட்டி வைத்த முதல் நாளில் எடுத்த படத்தைக் கைபேசியில் பெரிதாக்கித் தொட்டிக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்தேன். "நீங்களே சொல்லுங்க. கம்பெனில இதை பாஸ் பண்ணுவீங்களா?"

குனிந்து வெகுநேரம் பார்த்தார். "ரிஜெக்ட்" என்றார், சின்னக் குரலில். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. கிண்டல் செய்ததற்கு எனக்கே வருத்தமாகிவிட்டது.

சென்னைக்காரருக்குப் போன் போட்டார். "லைட்டு எத்தினி மணி நேரம் சார் எரியுது?" என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்.

"பதினாறு."

அவர் பொறுமையாகச் சொன்னார்: வெளிச்சம் அதிகமானால் பாசி பவளத்தை விட்டு வெளியேறிவிடும், அதுதான் வெளுப்பு. மொத்தம் பத்து மணி நேரம் போதும். தொடக்கத்திலும் முடிவிலும் நீலம், நடுவில் நாலைந்து மணி நேரம் மட்டும் வெள்ளை. இப்போதைக்கு அதன் வேகத்தையும் மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டு, வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். வெளுத்த துண்டுகளைத் தொட்டியின் அடிக்கு இறக்கி வைக்க வேண்டும்.

"காலைல எட்டு மணிக்குப் போட்டு சாயங்காலம் ஆறுக்கு நிறுத்திடலாம்" என்றேன்.

"அப்போ நான் வந்து இருட்டுத் தொட்டியவா பாக்கறது?"

ஆஸ்பத்திரியில் வார்டுக்கு டியூட்டி சார்ட் போடுவது நான். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறவர்களைச் சமாளிப்பது பழகிப்போன வேலை. "அதுக்கு இன்னா கடிகாரமா தெரியும்? மத்தியானம் பன்னெண்டுக்கு விடிஞ்சதா நெனச்சுக்கட்டும்." பன்னிரண்டுக்கு நீலம், நாலிலிருந்து எட்டு வரை வெள்ளை, மறுபடி நீலம், பத்துக்கு இருட்டு. டைமரில் அப்படியே ஏற்றினார்.

ஆறு வாரத்தில் பச்சை திரும்பியது. அந்தச் சந்தோஷத்தில் சபைக்காரர்களை வீட்டில் ஜெபக் கூட்டத்துக்கு அழைத்தார், ஞாயிறு இரவு ஏழரை மணிக்கு. கூடத்து டியூப் லைட்டையும் அணைத்து வைத்திருந்தார். கேட்டதற்கு, "அமைதியா இருக்கும்" என்றார். போதகர் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருக்கும்போது மணி எட்டாகி, வெள்ளை மங்கி, கூடம் முழுக்க நீலமானது. பவளங்கள் பச்சையும் ஆரஞ்சுமாக ஒளிர்ந்தன. "ஐயோ" என்று யாரோ முணுமுணுத்தார்கள். போதகரைத் தவிர ஒருவர் பாக்கியில்லாமல் கண்ணைத் திறந்துவிட்டார்கள்.

ஆமென் சொன்னபின் போதகர் மெல்லக் கேட்டார்: "நான் கண்ண மூடிட்டிருந்தேன். நீங்கள்லாம் இன்னாத்த பாத்தீங்க?"

அவரே எழுந்துபோய்த் தொட்டிமுன் நின்றார். "இது எப்பப்பா தூங்கும்?"

"பத்து மணிக்கு, ஐயா."

"அப்போ டைம் இருக்கு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என் கணவர் பக்கத்தில் நின்று பாசியிலிருந்து பாடத்தைத் தொடங்கினார். நான் இன்னொரு முறை டீ போடப் போனேன்.