அக்காவின் கருவிழிக்குள்

திருவனந்தபுரத்தில் ஒரு கண் மருத்துவமனையில் கான்ஃபோகல் நுண்ணோக்கியை இயக்குவது என் வேலை. கருவிழியை வெட்டாமலே, உள்ளித் தொலி உரிப்பதுபோல அடுக்கடுக்காகப் படமெடுக்கும் கருவி அது. ஒரு நேரத்தில் ஓர் ஆழத்திலிருந்து வரும் ஒளியை மட்டும் உள்ளே விடும். அந்தப் படங்களைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தால், புண் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று முப்பரிமாணத்தில் தெரிந்துவிடும்.

அந்த வருடம் கன்னிப்பூ நெல் அறுப்பின்போது இராஜாக்கமங்கலத்திலிருந்து அக்கா போன் செய்தாள்.

“ஏட்டி, கதிரு கட்டும்போ தாளு கண்ணுல குத்திட்டு. மணலு கெடந்து உறுத்துக மாதிரி இருக்கு. அங்க வரட்டா?”

வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள். எனக்கு அவசரம். “இதுக்குப் போயி பஸ் ஏறி வரணுமாக்கும்? அத்தானுக்குக் கண்ணு ஆபரேஷனுக்குப் பொறவு எழுதின சொட்டு மருந்து மிச்சம் இருக்கும்லா, அத விடு” என்றேன்.

அது ஸ்டீராய்டு மருந்து. வயலில் பட்ட காயத்தில் பூஞ்சை இருந்தால், அதற்கு உரம் போட்டது போலத்தான். தெரியாமல் சொல்லவில்லை, யோசிக்காமல் சொன்னேன்.

இரண்டு நாளில் அவளே கூப்பிட்டாள். “செவப்பு கொறஞ்சிட்டு, மக்கா.” நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

மூன்றாவது வாரம் அத்தான் அவளைக் கைப்பிடித்துக் கூட்டி வந்தார். கருவிழியில் வெள்ளைத் திட்டு. வேறு யாரையாவது படமெடுக்கச் சொல்லியிருக்கலாம். நானே எடுத்தேன். முகவாயைத் தாங்கியில் வைத்து, மரத்துப்போகும் மருந்து விட்டு, லென்ஸ் முனையைக் கண்ணில் தொடவைத்தேன்.

“நீதானே எடுக்குக? அப்போ பயமில்ல” என்றாள்.

மேலடுக்கிலேயே பூஞ்சையின் வெள்ளை இழைகள் கிளை பிரிந்து கிடந்தன. ஆழம் கூட்டக் கூட்ட இழைகள் குறையவில்லை. கடைசி அடுக்குவரை இருந்தன. டாக்டரைத் தனியே பார்த்து, என்ன மருந்து விட்டாள், யார் சொன்னது என்று சொன்னேன்.

கருவிழி மாற்றினார்கள். கண் தங்கியது, பார்வை திரும்பவில்லை. இப்போது அந்தக் கண்ணுக்கு வெளிச்சமும் நிழலும்தான்.

அக்காவிடம் நான் இதுவரை சொல்லவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவள் சொல்கிறாள்: “எனக்க தங்கச்சி படம் எடுத்துக் கண்டுபிடிச்சதுனாலதான் கண்ணத் தோண்டி எடுக்காம வுட்டாவ.” அப்போதெல்லாம் நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுகிறேன்.