மொம்பாசாவில் பிடிபட்ட மாடு

டிரேட் மார்க் வக்கீல் ஆபீசில் வேலை என்று சொன்னால் மதுரையில் முதலில் மரியாதையாகத்தான் பார்ப்பார்கள். கொலைக் கேஸா, சொத்துக் கேஸா என்று விசாரித்து, "பெயர்க் கேஸ்" என்று தெரிந்ததும் பேச்சை மழைக்கு மாற்றிவிடுவார்கள். ஆனால் போலி சோப்பில் குளித்துச் சொறிந்தவர்கள், போலி சார்ஜரில் விரலைச் சுட்டுக்கொண்டவர்கள், போலி பிரேக் கட்டையை நம்பி வைகைப் பாலத்தில் வண்டி ஓட்டியவர்கள் எல்லாரும் எங்கள் உறவினர்களே. நீங்களும் அதில் ஒருவர் என்ற உரிமையில்தான் சொல்கிறேன்.

என் வேலை எளிது. கடையில் போய்ப் பொருளை வாங்குவேன். அசலையும் நகலையும் மேசையில் அருகருகே வைத்துப் பார்ப்பேன். பார்த்ததை எழுதி எங்கள் வக்கீலம்மாவிடம் கொடுப்பேன்.

நீல டப்பா

பம்பு உதிரிபாகம் செய்யும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றிலிருந்து புகார் வந்தது. அவர்களுடைய நீல டப்பாவும் அதன் மேலுள்ள வெள்ளை அலையும் மதுரைக் கடைகளில் வேறு யாருடைய சரக்குக்கோ போர்த்தப்பட்டிருக்கிறதாம். ஒரு டப்பா வாங்கினேன். அதிலிருந்த முகவரி என்னைச் சமயநல்லூரில் ஒரு ரப்பர் பட்டறைக்குக் கொண்டுபோய் விட்டது. ரகசிய இடமாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். பட்டறை ரோட்டைப் பார்த்துத் திறந்து கிடந்தது. முதலாளி முத்தையா டீ வாங்கிக் கொடுத்து, பம்புக்குள் போகும் வாஷரை எப்படி அச்சில் வார்க்கிறார்கள் என்று கூடவே நடந்து காட்டினார். சரக்கு நல்ல சரக்கு. டப்பா மட்டும் அடுத்தவருடையது.

"கடையில நீல டப்பா குடுன்னுதாண்ணே கேக்குறாங்க" என்றார். நான் பொறுமையாக விளக்கினேன். அந்த நிறுவனம் தன் டப்பாவை நம் நாட்டில் பதிவு செய்திருக்கிறது. வெளிநாட்டார் பதிவு செய்த அடையாளத்தையும் நம் ஆட்களுடையதைப் போலவே காப்போம் என்று நம் நாடு ஓர் உலக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறது. அவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார், அங்கிருந்து யாரோ எட்டிப் பார்ப்பது போல.

"அம்புட்டு தூரத்துல இருந்து என் டப்பா தெரியுதாண்ணே?"

முறிந்த கொம்பு

டப்பாவை மாற்றிவிட்டார். சொந்தமாக ஓர் அடையாளம் வேண்டும் என்று எங்கள் ஆபீசுக்கே வந்தார். கையில் ஒரு போட்டோ. அலங்காநல்லூரில் அவர் வீட்டில் நிற்கும் ஜல்லிக்கட்டுக் காளை. வேனிலிருந்து இறக்கும்போது தடுமாறி இடது கொம்பு பாதியோடு போய்விட்டதாம். படம் வரைபவரிடம் சொல்லி இரண்டு கொம்பையும் முழுதாகப் போட்டுவிடலாம், பார்க்க லட்சணமாக இருக்கும் என்றார் வக்கீலம்மா.

"கொம்பை ஒட்டவச்சா அது பக்கத்து வீட்டு மாடும்மா. எங்க ஊர்ல வந்து கேட்டுப் பாருங்க!"

எல்லை

முறிந்த கொம்போடேயே பதிவு கிடைத்தது. வாஷர் நன்றாக ஓடி, கென்யா வரை போயிற்று. மொம்பாசாவில் ஒரு வியாபாரி மொத்தமாக எடுத்துக்கொண்டிருந்தார். பட்டறையில் பாதி அச்சுகள் அவருக்காகவே ஓடின. திடீரென்று அவரிடமிருந்து போன். வாஷர் வெடிக்கிறது, பம்பு தண்ணீர் இழுக்கவில்லை, விவசாயிகள் கடை வாசலில் நிற்கிறார்கள், இப்படியே போனால் உங்கள் சரக்கே வேண்டாம் என்றார். மாதிரியை வரவழைத்துப் பார்த்தோம். காளை படம் போட்ட டப்பா. உள்ளே யாரோ செய்த மட்ட ரப்பர்.

முத்தையா பதிவுச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு, ஜெயித்த முகத்தோடு வந்தார். இங்கே எல்லாரும் செய்யும் தவறு இது. அரசாங்க முத்திரை விழுந்துவிட்டால் உலகம் முழுக்கச் செல்லும் என்று நம்புகிறோம். அது இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். கென்யாவில் காப்பு வேண்டுமானால் கென்யாவிலும் பதிவு வேண்டும். ஒரே நல்ல செய்தி, இதற்கும் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. இங்கிருந்தபடியே ஒரு விண்ணப்பத்தில் பல நாடுகளைக் குறிப்பிடலாம். ஒவ்வொரு நாடும் தன் தன் நேரத்தில் முடிவு சொல்லும். அதுவரை போலிச் சரக்கு கண்முன்னால் இறங்கினாலும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். வக்கீலம்மா இதைச் சொல்லி முடித்ததும் முத்தையா சான்றிதழை உறையோடு மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப நம்ம மாடு ஊர் எல்லையைத் தாண்டுனா அது யாரு மாடும்மா?"

இரண்டாவது மாடு

மொம்பாசா வியாபாரி அரை மனதோடு காத்திருந்தார். கென்யாவிலும் பதிவு கிடைத்தது. போலி வந்தால் நிறுத்தச் சொல்லித் துறைமுகச் சுங்கத்திலும் படத்தைக் கொடுத்துவைத்தோம். பிறகு ஒரு நாள் என் கம்ப்யூட்டரில் சில போட்டோக்கள் வந்து விழுந்தன. மதுரை எந்தத் திசையில் இருக்கிறது என்றே அறியாத ஓர் அதிகாரி, கன்டெய்னரைத் திறந்து, ஒரு டப்பாவை எடுத்து, நம் அலங்காநல்லூர்க் காளையின் படத்தோடு பக்கத்தில் வைத்துப் படம் பிடித்திருந்தார். சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, எனக்குப் புல்லரித்துவிட்டது.

ஆனால் சிக்கல் அங்கேதான் இருந்தது. நகல் எடுத்தவன் நல்ல கலைஞன். அசலில் ஏதோ பிழை என்று நினைத்து இரண்டு கொம்பையும் முழுதாக வரைந்திருந்தான். சரக்கை இறக்குமதி செய்தவர் அதையே பிடித்துக்கொண்டு, இது வேறு மாடு, எங்கள் மாடு என்று வாதாடினார். அதிகாரி அதை ஏற்றுக்கொண்டால் கன்டெய்னர் வெளியே போய்விடும், மொம்பாசா வியாபாரியும் நம் கையை விட்டுப் போய்விடுவார். சிறுவர் பத்திரிகையில் ஆறு வித்தியாசம் கண்டுபிடிப்பது போல நான் படத்தை ஓரம் ஓரமாகப் பெரிதாக்கிக்கொண்டே போனேன். டப்பாவின் அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில், தயாரிப்பாளர் முகவரி. சமயநல்லூர். முத்தையாவின் பட்டறைக் கதவு எண் உட்பட!

அங்கே எங்களுக்காக ஆஜரான வக்கீல் அதை அதிகாரி முன் வைத்தார். அச்சு அசலாக இருக்க வேண்டியதில்லை, வாங்குபவர் ஏமாறும் அளவுக்கு ஒத்திருந்தால் அது போலிதான் என்று அதிகாரி சொல்லிவிட்டார். ஆனால் அந்த முகவரியை நான் முதலில் காட்டிய நிமிஷத்தில் முத்தையா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டதுதான் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"என் தொழுவத்துல எனக்கே தெரியாம இன்னொரு மாடு நிக்குதாண்ணே?"

வேட்டி துண்டு

போலி என்று முடிவானால் லேபிளைக் கிழித்துவிட்டு விற்றுக்கொள்ளலாம் என்று விட்டுவிட மாட்டார்கள், அழிக்க வேண்டும். அழித்ததற்குச் சாட்சியாக வீடியோ வந்தது. டப்பா டப்பாவாக இயந்திரத்துக்குள் போய் நசுங்கியது. முத்தையா உட்காராமல் நின்றபடியே பார்த்தார். கடைசி டப்பா போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். போலியானாலும் மேலே இருப்பது அவருடைய காளையல்லவா.

அன்றைக்கே மொம்பாசாவிலிருந்து போன் வந்தது. அடுத்த சரக்கை எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்டார் வியாபாரி. முத்தையா போனை வைத்துவிட்டு வக்கீலம்மா பக்கம் திரும்பினார். வாடிவாசல் தாண்டி ஓடி ஊர் ஊராகத் திரியும் மாட்டைப் பிடித்துக் கொடுப்பவருக்கு வேட்டி துண்டு கொடுப்பது அவர் வீட்டு வழக்கமாம். கென்யாவில் பதிவு வாங்கிக் கொடுத்த அந்த ஒப்பந்தத்தை எழுதியவர்களுக்கு அனுப்ப வேண்டும், முகவரி கொடுங்கள் என்றார். வக்கீலம்மா சிரித்துவிட்டார். "நூறு நாட்டுக்கு மேல கையெழுத்துப் போட்டிருக்கு முத்தையா, எத்தனை வேட்டி வாங்குவீங்க?" முத்தையா கொஞ்சமும் சிரிக்கவில்லை.

"ஒரே வேட்டி போதும்மா. நல்ல வேட்டியா எடுத்து அனுப்புறேன், நாடு மாத்தி நாடு கட்டிக்கிடட்டும்."

கடலுக்கு அப்பால் ஓர் அதிகாரி சமயநல்லூர்ப் பட்டறையின் பெயருக்காக ஒரு கன்டெய்னரையே நிறுத்திவைக்கும் காலத்தில், நான் ஆசையாக வாங்கிய செருப்பு போலி என்பது, போன வாரம் பஸ்ஸுக்கு ஓடும்போது வார் அறுந்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.